நெட்டைப்பனையூருக்குப் பேருந்து வந்த கதை

நெட்டைப்பனையூரில் பனைமரம் கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. ஊர்ப் பெயரில் சொல்லியிருக்கிற அளவுக்கு அது நெட்டையாக இல்லை என்று ஊரே கூடிப் பேசி, பெயரைக் காப்பாற்றுவதற்காக மரத்தை வெட்டிவிட்டார்கள். வெளியூர்க்காரர் யாராவது வந்து, "எங்கய்யா அந்தப் பனை?" என்று கேட்டால், "இருந்தா தெரிஞ்சிருக்குமே" என்பார்கள். பதிலில் குற்றம் சொல்ல முடியாது.

இந்த ஊரில் நூலகத்தைத் திறந்து மூடுவது பூவராகனின் வேலை. திறப்பதற்கும் மூடுவதற்கும் இடையில் யாரும் வராததால் இருந்த புத்தகங்களையெல்லாம் அவரே படித்து முடித்துவிட்டார். அகராதியை நாவல் மாதிரி முதல் பக்கத்திலிருந்து படித்து, நடுவில் நன்றாகப் போகிறது, முடிவுதான் சரியில்லை என்று கருத்துச் சொன்னவர். ஊரில் அவரைப் 'புலவர்' என்று கூப்பிட்டார்கள். பேருந்தை பஸ் என்று யாராவது சொன்னால் அவருக்குக் காது கூசும். ஊரே பஸ் என்று சொன்னதால் காது எப்போதும் கூசிக்கொண்டேதான் இருந்தது.

ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்பது பூவராகனுக்குத் தெரியும். தானும் அந்த ஊர்தான் என்பதும் தெரியும். ஆனால் தன் முட்டாள்தனம் தனக்கே தெரிந்த முட்டாள் தான் ஒருவன்தான் என்பதால், மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் படியிலிருந்துதான் அவர் அடிக்கடி விழுவார்.

அப்போது அவருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அவர் மனைவி செங்கமலம், மேழிநல்லூரில் இருக்கும் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போனவள், திரும்பி வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. மேழிநல்லூரிலிருந்து வருகிற பேருந்து ஆற்றுப் பாலத்தோடு திரும்பிவிடும். பாலத்திலிருந்து ஊருக்கு வண்டித் தடத்தில் நடக்க வேண்டும். செங்கமலத்துக்கு முட்டிவலி.

"பஸ்ஸு நம்ம ஊருக்குள்ள வந்து என்னை இறக்கிவிடற அன்னிக்கு வரேன்" என்று அவள் போனில் சொல்லிவிட்டாள்.

"பேருந்து எப்போ வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அகராதியில பாருங்க."

அவள் சொன்னாளே என்று பார்க்கவும் பார்த்தார். பேருந்து என்ற சொல் இருந்தது, நேரம் போடவில்லை.

அன்றிலிருந்து அவர் சமையலை அவரே செய்துகொண்டார். தான் வைத்த ரசத்தை முதல் நாள் குடித்தார். மறுநாள் அதைச் சற்று நேரம் பார்த்தார். அதற்கடுத்த நாள் அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, தட்டின்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிட்டு நூலகத்துக்குப் போய்விட்டார். ஆகவே ஊருக்குப் பேருந்து வருவது பொதுநலம் என்று அவர் மேடையில் பேசினால், அதில் ரசவாடை கொஞ்சம் இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் பேருந்து விடுகிற அலுவலகத்திலிருந்து திலகராணி என்ற அதிகாரி பேசினார். ஊருக்குப் பேருந்து இல்லாததால் நேரில் வர முடியவில்லை என்று போனிலேயே விவரத்தைச் சொன்னார். நூலக மேசையில் போனை வைத்து, சத்தத்தைக் கூட்டி, சுற்றி நின்று எல்லாரும் கேட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வைரக்கண்ணு, சைக்கிள் கடை மாசிலாமணி, பால் சொசைட்டி தையல்நாயகி, இவர்களோடு பூவராகன்.

"உங்க குரூப்புக்கு ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன். அதைத் தொட்டா உங்க ஊரோட படம் வரும். அது எல்லாருக்கும் பொது. நீங்க அங்க ஒண்ணை மாத்தினா அந்த நிமிஷமே எனக்கு இங்க தெரியும். நான் மாத்தினா உங்களுக்குத் தெரியும். ரோடு, ஏரி, வீடு, பஸ் ஸ்டாப் எல்லாத்தையும் குறிச்சிடுங்க. முக்கியமா ஒண்ணு. படத்துல இருக்கறதும் ஊர்ல இருக்கறதும் ஒத்துப்போகணும். துளி வித்தியாசம் இருந்தாலும் பஸ் கிடையாது."

"ஒத்துப்போயிடுவோம் மேடம்" என்றார் தலைவர். "நம்ம ஊர்ல யாருக்கும் யாரோடயும் விரோதமே கிடையாது."

"இன்னொண்ணு. ஒருத்தர் ஒரு இடத்தைக் குறிச்சுக்கிட்டிருக்கும்போது அந்த இடத்துல வேற யாரும் கை வைக்காதீங்க. குழம்பிடும்."

எல்லாரும் தங்கள் போனில் படத்தைத் திறந்தார்கள். யார் விரல் எங்கே இருக்கிறதோ, படத்தில் அங்கே அவர் பெயர் சின்னக் கொடி மாதிரி அசைந்தது. வைரக்கண்ணு தன் பெயர் ஏரிக்கரையில் நிற்பதைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"படத்துல நான் ஏரிக்கரைல இருக்கேன். போய்ப் பார்த்தா அங்க என்னைக் காணோம்."

மாசிலாமணி யோசித்தான். "நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள நீங்க கிளம்பியிருப்பீங்க தலைவரே."

"வழியில எதிர்ல வரலையே."

"குறுக்குப் பாதையில போயிருப்பீங்க."

பூவராகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தலைவரே, அது நீங்க இல்ல. அது உங்க விரல்."

வைரக்கண்ணு தன் கையை விரித்து எண்ணிப் பார்த்தார். "எல்லாம் இங்கதான் இருக்கு புலவரே" என்றார் வருத்தத்தோடு. இதற்குமேல் விளக்க ஆரம்பித்தால் தனக்கே குழம்பிவிடும் என்று பூவராகனுக்குப் பட்டதால் விட்டுவிட்டார்.

தையல்நாயகி ஏரியைக் குறிக்கிற பொறுப்பை எடுத்துக்கொண்டாள். விரலால் கரையைச் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கும்போதே மாசிலாமணி சைக்கிளை மிதித்து ஏரிக்குப் பறந்தான். குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "அக்கா ஏரியைக் குறிச்சுக்கிட்டிருக்காங்க. வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னு மேடம் உத்தரவு" என்றான்.

தலையெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர் கேட்டார்: "கால் வைக்கலாமா?"

இது மாசிலாமணிக்குத் தோன்றாத கேள்வி. பூவராகனுக்குப் போன் போட்டான். பூவராகன் கண்ணை மூடி அதிகாரியின் சொற்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தார். கை என்றுதான் சொன்னார். கால் பற்றிப் பேச்சே இல்லை. "கால் வைக்கலாம். கை மட்டும் படக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு, சட்டம் படித்திருந்தால் பெரிய இடத்துக்குப் போயிருப்போமே என்று கொஞ்சம் வருந்தினார். தையல்நாயகி ஏரியைக் குறித்து முடிக்கும்வரை ஊரில் பாதிப் பேர் இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சோப்பு நுரைக்காரருக்குக் கண் எரிந்தது. ஊருக்காகப் பொறுத்துக்கொண்டார்.

அடுத்தது பேருந்து நிறுத்தம். நாலு மூங்கில் கால் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து, நிழலுக்கு ஒரு பந்தல் போட்டார்கள். அதைத் தெருவில் எங்கே போடுவது என்பதில் பூவராகன் நீண்ட உரை ஆற்றினார். காற்றோட்டம், நிழல், பண்டைய நகர அமைப்பு எல்லாவற்றையும் தொட்டுப் பேசி முடித்தபோது, பந்தல் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. செங்கமலம் படியிலிருந்து இறங்கினால் மறு அடி வீட்டுக்குள் இருக்கும். படத்தில் அதே இடத்தில் 'ஸ்டாப்' என்று ஒரு சிவப்புக் குறியை வைத்தார்கள். பூவராகன் அதை அழித்து 'நிறுத்தம்' என்று எழுதினார்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார் திலகராணி போனில். "வெள்ளிக்கிழமை சோதனைக்கு பஸ் அனுப்பறேன். அதுவரைக்கும் எதையும் மாத்தாதீங்க. சோதனை நல்லபடியா முடிஞ்சா பஸ் நிரந்தரம்."

பூவராகன் அன்றே செங்கமலத்துக்குச் சொல்லிவிட்டார். "அந்த பஸ்ஸுலயே வரேன். ஊருக்குள்ள இறக்கிவிட்டா இருக்கேன். இல்லேன்னா அதுலயே திரும்பிடுவேன்" என்றாள் அவள். விளையாட்டுக்குச் சொல்பவள் இல்லை.

எல்லாம் சரியாக இருந்த நேரத்தில் தலைவருக்கு வேர்த்தது. போன்மேல் விழுந்த வேர்வையைத் துண்டால் துடைத்தார். சிவப்புக் குறி துண்டோடு நகர்ந்து, தெருவைத் தாண்டி, தோப்பைத் தாண்டி, ஏரியின் நடுவில் போய் உட்கார்ந்தது. அந்த நிமிஷமே எல்லார் போனிலும் நிறுத்தம் தண்ணீரில் இருந்தது.

நூலகத்தில் அவசரக் கூட்டம் நடந்தது.

"படத்துல ஏரியில இருக்கு. ஊர்ல தெருவுல இருக்கு. எது தப்பு?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"ஊர்தான் தப்பு" என்றார் வைரக்கண்ணு தயங்காமல். "படம் கவர்மெண்டுகிட்ட இருக்கு. ஊர் நம்மகிட்ட இருக்கு. இதுல தப்பு யார் பண்ணியிருப்பா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். குறியை விரலால் பிடித்துத் திரும்ப இழுத்துவிட்டால் என்ன என்று பூவராகனுக்கு ஒரு நினைப்பு வரத்தான் வந்தது. ஆனால் குறியின்மேல் இன்னும் தலைவர் பெயர் அசைந்துகொண்டிருந்தது. ஒருத்தர் இருக்கிற இடத்தில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. தவிர, தலைவரின் வாதத்தில் ஒரு கட்டுக்கோப்பு இருந்தது. நல்ல வாதத்தைக் கெடுக்கப் பூவராகனுக்கு மனம் வராது.

பந்தலைப் பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஏரிக்குள் நட்டார்கள். மார்பளவுத் தண்ணீர். செங்கமலம் இங்கே எப்படி இறங்குவாள் என்று பூவராகன் கவலைப்பட்டார். பிறகு, முட்டிவலிக்குத் தண்ணீரில் நிற்பது நல்லது என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்ததும் தேறினார்.

அங்கே அலுவலகத்தில் திலகராணி படத்தைப் பார்த்தார். நிறுத்தம் தண்ணீரில் கிடந்தது. யாரோ கை தவறி நகர்த்தியிருப்பார்கள் என்று புரிந்துகொண்டு, குறியைப் பழையபடி தெருவுக்கு இழுத்து வைத்தார். ஏரியில் நாலாவது காலை நட்டு முடித்த மாசிலாமணி போனைப் பார்த்துவிட்டு, "தலைவரே, தெருவுக்குப் போயிடுச்சு" என்றான். பந்தலைப் பிடுங்கினார்கள். தூக்கும் முன்னால், செய்த வேலையைச் சொல்லிவிடலாம் என்று தையல்நாயகி குரூப்பில் ஒரு வரி போட்டாள்: 'ஏரியில் வைத்துவிட்டோம் மேடம்.'

திலகராணி நல்ல பெண். உள்ளூர்க்காரர்களுக்கு ஊர் தெரியாதா, ஏரி வறண்டு போயிருக்கும், நாம்தான் அவசரப்பட்டுவிட்டோம் என்று எண்ணி, குறியை மீண்டும் ஏரியில் வைத்தார். அதற்குள் பந்தல் தெருவுக்கு வந்து இரண்டு கால் நட்டாகிவிட்டது. மாசிலாமணி போனைப் பார்த்தான்.

இப்படியாக அதிகாரி ஊருக்கு ஒத்துப்போக, ஊர் அதிகாரிக்கு ஒத்துப்போக, பந்தல் தெருவுக்கும் ஏரிக்குமாக நடந்தது. இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை. வெயில் சாயும்போது திலகராணி பொறுக்க முடியாமல் போன் செய்தார்.

"சார், உங்க ஊர் பஸ் ஸ்டாப் எங்கதான் இருக்கு?"

"இப்பவா மேடம்?" என்றார் வைரக்கண்ணு. "தோள்ல இருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு திலகராணி மெதுவாகச் சொன்னார்: "இந்தக் குறியே வேண்டாம். கை பட்டா நகருது. ஸ்டாப்ல யாராவது ஒருத்தர் நின்னு, அவர் போன்லேர்ந்து லைவ் லொகேஷனைப் போட்டுவிடுங்க. அவர் எங்க நிக்கிறாரோ அங்க நீலப் புள்ளி தெரியும். அதை யார் தொட்டாலும் நகராது. அதுதான் ஸ்டாப். டிரைவருக்கும் அதையே சொல்லிடறேன்."

யார் நிற்பது என்ற பேச்சே எழவில்லை. வருவது பூவராகனின் மனைவி. அவர் தன் போனில் அதை அழுத்தினார். படத்தில் சிவப்புக் குறி மறைந்து நீலப் புள்ளி வந்தது. 'நெட்டைப்பனையூர் நிறுத்தம்' என்று அதற்குத் தன் கையாலேயே பெயர் எழுதினார். வாழ்க்கையில் முதன்முறையாகத் தான் ஊருக்கு இன்றியமையாத ஒரு பொருள் ஆகிவிட்டதாக உணர்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

தொந்தரவு என்னவென்றால், நிறுத்தம் எங்கே இருக்கிறதோ பந்தலும் அங்கே இருக்க வேண்டும். பூவராகன் நூலகத்தைப் பூட்டப் போனால் பந்தல் பின்னாலேயே போனது. வீட்டுக்குள் போனால் வாசலில் வந்து நின்றது. கொல்லைப்புறம் போகும்போது மட்டும், "இப்போ கொஞ்ச நேரம் ஒத்துப்போகாமல் இருக்கலாமா?" என்று பூவராகன் கேட்டுக்கொண்டார். தலைவர் பெருந்தன்மையோடு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். பந்தல் மட்டும் திரும்பவில்லை.

போனைப் பந்தல் காலில் கட்டித் தொங்கவிட்டால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றும். பூவராகனுக்கும் தோன்றியது. ஆனால் செங்கமலம் அந்த போனில்தான் கூப்பிடுவாள். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எந்தப் புத்தகத்தையும் பார்க்காமலே அவர் சொல்வார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பேருந்தை ஓட்டி வந்தவர் நடனசபாபதி என்பவர். கவனமான மனிதர், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. அவருடைய அம்மா நெட்டைப்பனையூரில் பிறந்தவர். அது ஒன்றைத் தவிர அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கிளம்பும்போது திலகராணி அவரிடம் ஒரு போனைக் கொடுத்து, "இந்த நீலப் புள்ளிதான் ஸ்டாப். பாலத்தைத் தாண்டினப்புறம் அங்க மட்டும்தான் நிறுத்தணும். வேற எங்கயும் நிறுத்தக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் அதை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து ஓட்டினார்.

"ஏறிட்டேன். அக்கா பலாப்பழம் ஒண்ணு குடுத்திருக்கா. வாசல்ல நில்லுங்க, தூக்கணும்" என்று செங்கமலம் போன் செய்தாள்.

பூவராகன் வாசலில் பந்தலுக்கடியில் நின்றார். ஊரே நின்றது. பேருந்து பாலத்தைத் தாண்டி, வண்டித் தடத்தில் தூசியைக் கிளப்பி, தெருமுனையில் திரும்பியது. சன்னலில் செங்கமலத்தின் முகம் தெரிந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் பூவராகனுக்கு ரசம், தட்டு, அம்மிக்குழவி எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தான் யார் என்பதை ஒரு கணம் மறந்து, பேருந்தை நோக்கி ஓடினார்.

நடனசபாபதி போனைப் பார்த்தார். நிறுத்தம் தன்னை நோக்கி வருவதைக் கண்டு அவருக்கு மகிழ்ச்சி. மற்ற ஊர்களில் நாம்தான் போக வேண்டியிருக்கிறது, அம்மா பிறந்த ஊர் ஊர்தான் என்று நினைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். ஆனால் அவர் பிரேக்கைத் தொடுவதற்குள் பூவராகன் பக்கவாட்டில் ஓடி, பின்படியில் தொற்றி, உள்ளே ஏறிவிட்டார்.

ஆக, நெட்டைப்பனையூர் நிறுத்தம் பேருந்தில் ஏறிவிட்டது.

"டிக்கெட்?" என்றார் கண்டக்டர்.

"நான் பயணி இல்லை. நிறுத்தம்."

கண்டக்டர் சட்டத்தை யோசித்துப் பார்த்தார். நிறுத்தத்துக்கு டிக்கெட் போட்டதாக அவருக்கு நினைவில்லை. விட்டுவிட்டார்.

பூவராகன் செங்கமலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். "இளைச்சுப் போயிட்டீங்க" என்றாள் அவள். அவருக்குக் கண் கலங்கியது. அதற்குள் வீடு சன்னலுக்கு வெளியே பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, நம்ம வீடு போகுது" என்றாள் செங்கமலம்.

"ஸ்டாப் பின்னாடி போயிடுச்சும்மா" என்று நடனசபாபதி முன்னாலிருந்து குரல் கொடுத்தார். "ஏரியை ஒரு சுத்து சுத்தி வந்துடறேன்."

சுற்றினார். புள்ளி அப்போதும் அவருக்குப் பின்னாலேயே இருந்தது. இன்னொரு சுற்று சுற்றினார். "வேகமா போனாலும் வரமாட்டேங்குது, மெதுவா போனாலும் வரமாட்டேங்குது. இப்படி ஒரு ஸ்டாப்பை நான் பார்த்ததே இல்ல" என்றார் வியப்போடு. பின்கண்ணாடி வழியாகப் பார்த்த கண்டக்டர், "அண்ணே, பின்னாடி ஒரு பந்தல் ஓடி வருது" என்றார். நாலு காலுக்கும் கீழே வைரக்கண்ணு, மாசிலாமணி, தையல்நாயகி, கண் எரிந்த சோப்பு நுரைக்காரர். படத்தோடு ஊர் ஒத்துப்போக வேண்டும் அல்லவா.

பூவராகனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. படித்த படிப்பு வீண்போகவில்லை. எழுந்து, "ஓட்டுநர் தம்பி, நிறுத்தம் நான்தான்" என்றார்.

"நீங்களா? அப்ப பின்னாடி ஏன் சார் உக்கார்ந்திருக்கீங்க? முன்னாடி வாங்க."

நியாயமாகத்தான் பட்டது. பூவராகன் முன்னால் போய், கண்ணாடியை ஒட்டி, என்ஜின் மூடிக்கு அப்பால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடனசபாபதி போனைப் பார்த்து முகம் மலர்ந்தார். "இப்ப சரி. ஸ்டாப் முன்னாடி தெரியுது. ஓரடி தூரந்தான். பிடிச்சிடலாம்." ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பேருந்து ஊரைவிட்டு வெளியேறியது.

செங்கமலம் பலாப்பழத்தை மடியில் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். "என்னங்க, நீங்க இறங்கிடுங்க. அப்பத்தான் பஸ்ஸு நிக்கும்."

"பேருந்து நின்னாத்தான் நான் இறங்க முடியும். நிறுத்தம் வந்தாத்தான் பேருந்து நிக்கும்."

"நிறுத்தந்தான் நீங்களாச்சே."

"அதனாலதான் சொல்றேன்."

"அப்ப அந்த போனை அணைச்சுத் தொலைங்க."

"அணைச்சா படத்துல நிறுத்தமே இல்லாமல் போயிடும். சோதனை தோத்துடும். அப்புறம் நம்ம ஊருக்குப் பேருந்தே வராது. பேருந்து வராட்டி நீ வரமாட்டே."

"நான்தான் வந்துட்டேனே."

"இன்னும் இறங்கலையே" என்றார் பூவராகன். நிபந்தனையை அவள் சொன்ன சொல் மாறாமல் அவர் நினைவில் வைத்திருந்தார். அவளுக்கே அதைக் கேட்க ஒரு மாதிரி பெருமையாகத்தான் இருந்தது.

சற்று யோசித்துவிட்டு அவள், "முன்னாடியும் வேண்டாம் பின்னாடியும் வேண்டாம்னா, டிரைவர் மடியில உக்காருங்க. ஸ்டாப்பும் பஸ்ஸும் ஒரே இடத்துல இருக்கும்" என்றாள்.

கண்டக்டர் மேலே எழுதியிருந்ததைக் காட்டினார். "ஓட்டுநரிடம் பேசாதீர்னு போட்டிருக்கு."

"பேசக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு. உக்காரக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

பூவராகன் பலகையை இரண்டு முறை படித்தார். மனைவி சொல்வது சரிதான். இவளையும் நூலகத்துக்கு அழைத்துப் போயிருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் நடனசபாபதி ஒத்துக்கொள்ளவில்லை. "உக்காரலாம் சார், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க உக்கார்ந்தா போன் மறைஞ்சிடும். ஸ்டாப் எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பேருந்து பாலத்தைத் தாண்டியது. பந்தலும் தாண்டியது. நெடுஞ்சாலையில் எதிரே வந்த லாரிக்காரர்கள், முன்னால் ஒரு பேருந்தும் பின்னால் நாலு பேரும் ஒரு கூரையும் ஓடுவதைப் பார்த்து, ஏதோ கட்சி ஊர்வலம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மேழிநல்லூருக்குள் நுழைந்து, கடைத்தெருவைக் கடந்து, ஒரு சந்தில் திரும்பியபோது பூவராகனின் போன் கையில் ஒரு முறை நடுங்கி அணைந்தது. காலையிலிருந்து நிறுத்தமாக இருந்ததில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நீலப் புள்ளி கடைசியாக இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றது. ஓட்டுநர் அதைப் பார்த்தார். பிரேக்கை மிதித்தார். பலாப்பழம் உருண்டு முன்னால் வந்தது.

"நெட்டைப்பனையூர் எல்லாம் இறங்குங்க" என்று கண்டக்டர் கத்தினார்.

செங்கமலம் இறங்கிப் பார்த்தாள். எதிரே அக்கா வீடு. அக்கா வாசலில் வடாம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இப்பதானேடி கிளம்பிப் போனே? எதையாவது மறந்து வச்சிட்டுப் போயிட்டியா?"

செங்கமலம் பின்னால் பலாப்பழத்தோடு இறங்கிய கணவரைப் பார்த்தாள். "ஆமாக்கா. அங்கதான் மறந்து வச்சிருந்தேன். எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

அலுவலகத்தில் திலகராணி படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிறுத்தம் அசையாமல் நின்றது. பேருந்து அதன்மேல் அசையாமல் நின்றது. இந்த ஊர் விஷயத்தில் அசையாமல் நிற்கிற ஒன்றை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். அது எந்த இடம் என்று பெரிதாக்கிப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. 'சோதனை வெற்றி' என்று எழுதி, இனி யாரும் எதையும் மாற்ற முடியாதபடி படத்தைப் பூட்டிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பந்தல் வந்து சேர்ந்தது. கீற்றில் பாதி வழியில் பறந்துபோயிருந்தது. அக்காவிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வடாத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி, நாலு காலையும் ஆழமாக நட்டார்கள்.

"ஒத்துப்போச்சா புலவரே?" என்று கேட்டார் வைரக்கண்ணு.

பூவராகன் தலைவர் போனில் இருந்த படத்தையும் பந்தலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இம்மி பிசகலை."

நிறுத்தம் ஆனவர் இனி நகர்ந்தால் குழப்பம் வரும் என்று ஊர் அங்கேயே கூடி முடிவு செய்தது. பூவராகன் மறுக்கவில்லை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மணம் அதற்குள் வாசல்வரை வந்திருந்தது. இலையில் ஊற்றிய ரசத்தை அவர் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். நூலகத்தைத் திறக்க ஆளில்லை. வழக்கம்போல யாரும் வரவுமில்லை.

நெட்டைப்பனையூர்ப் பேருந்து இன்றும் நேரம் தவறாமல் ஓடுகிறது. மேழிநல்லூர் பேருந்து நிலையத்தில் கிளம்பி, கடைத்தெருவைக் கடந்து, சந்தில் திரும்பி, நெட்டைப்பனையூர் நிறுத்தத்தில் நிற்கிறது. ஊர்க்காரர்கள் காலையில் கிளம்பிப் பாலம்வரை நடந்து, பாலத்தைத் தாண்டி மேழிநல்லூர்வரை நடந்து, தங்கள் நிறுத்தத்தில் ஏறிக்கொள்கிறார்கள். வசதியெல்லாம் எப்படி என்று யாராவது கேட்டால் தலைவர் வைரக்கண்ணுவுக்குப் பெருமை தாங்காது.

"முன்னெல்லாம் ரொம்பக் கஷ்டங்க. மேழிநல்லூர்ல ஏறி, பாலத்துல இறங்கி, அங்கேர்ந்து நடக்கணும். இப்ப அந்த நடுவழியில இறங்கற வேலையே இல்ல. மேழிநல்லூர்ல ஏறினா நேரா நம்ம ஊர் ஸ்டாப்புலயே இறக்கிவிட்டுடறாங்க. அங்கேர்ந்து ஊருக்கு ஒரே நடைதான்."